ஐந்தாவது ஆள்

ஜூலை 12, வெள்ளி

விடுமுறை. காலையில் சீருடை இரண்டையும் துவைத்துக் கம்பியில் போட்டேன். இருபது நிமிடத்தில் அப்பளமாகக் காய்ந்துவிட்டன. கீரை வாங்கப் போன இடத்தில் கீரை இல்லை. முட்டை வாங்கி வந்தேன்.

இந்த நோட்டு ஒரு மருந்து விற்பனைக்காரர் கொடுத்தது. இரண்டு வருடமாகச் சும்மா கிடந்தது. எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. ஆனால் இந்த வாரம் யார் என்ன கேட்டார்கள், யார் எப்படிப் பார்த்தார்கள் என்று தேதி போட்டு வைத்துக்கொள்வது நல்லது என்று தோன்றுகிறது. நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்ல உதவும். இந்த வளைகுடா ஊரின் பெயரையும் கட்டடக் கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. நோட்டு யார் கையில் போய் விழும் என்று தெரியாது.

திங்கட்கிழமை சைட்டில் ஓர் ஆள் இறந்துபோனான். முத்திருளன், வயது முப்பத்து நான்கு, கம்பி கட்டுகிறவன், முதுகுளத்தூர்ப் பக்கம். நேற்று சான்றிதழ் வந்தது. இருதயம் நின்றதால் இயற்கை மரணம் என்று போட்டிருக்கிறது. இரண்டாயிரம் பேர் இருக்கிற கேம்ப்பில் நான் ஒருவன்தான் நர்ஸ். கிளினிக்குக்கு வந்து போகிறவர்களில் அவனும் ஒருவன். வேறொன்றும் இல்லை.

இன்று மெஸ்ஸில் தனுஷ்கோடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முத்திருளனுக்கு ஊர்க்காரன், ஒரே அறை. நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவும்வரை பார்த்தான்.

ஜூலை 14, ஞாயிறு

நோயாளிகள் 31. வழக்கமாக நாற்பதுக்குக் குறையாது.

கம்பெனியின் நலத்துறை அதிகாரி ரகோத்தமன் வந்தார். சென்னைக்காரர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். “மிஸ்டர் எபநேசர், எட்டாம் தேதி ரெஜிஸ்டர் கொஞ்சம் வேணும். ஒரு காப்பி எடுத்துட்டு உடனே அனுப்பிடறேன்” என்றார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். எதுவும் கிழிபடவில்லை. திருத்தமும் இல்லை. முத்திருளன், காலை 10.50, உடல் சோர்வு, வெப்பம் 37.8, உப்புச் சர்க்கரைக் கரைசல் தரப்பட்டது. என் கையெழுத்து. அப்படியே இருக்கிறது.

பிறகு எதற்குக் கேட்டார்?

சீட்டுப் புத்தகத்தை அவர் கேட்கவில்லை. வருகிறவனுக்கு வெள்ளைச் சீட்டு, நமக்கு மஞ்சள் நகல். வெள்ளைச் சீட்டில் ‘ஓய்வு’ அல்லது ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் கேட்கவில்லை என்பதால் நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

முத்திருளனின் சாமான்களைக் கட்டி அனுப்ப வேண்டும் என்றார்கள். உதவிக்கு வருகிறேன் என்று நானாகச் சொன்னேன். மருந்து மாத்திரை ஏதாவது இருந்தால் விமானத்தில் சிக்கல் வரும், அதனால்தான்.

எட்டுக் கட்டில் போட்ட அறை. தனுஷ்கோடி பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். கைலி மூன்று, சட்டை நான்கு, பொடி நிறக் குல்லா, ஒரு டார்ச், மகளுக்கு வாங்கி வைத்திருந்த வண்ணப் பென்சில் டப்பா, தைலம், சாமி படம். நான் சட்டைப் பைகளைத் துழாவினேன். பாஸ்போர்ட் அட்டைக்குள்ளும் பார்க்கலாம் என்று தோன்றியது. பாஸ்போர்ட் அங்கே ஏது? எல்லோருடையதும் ஆபீஸ் பெட்டகத்தில்தான் இருக்கிறது, என்னுடையது உட்பட.

“என்னண்ணே தேடுறீக?” என்று கேட்டான்.

“மாத்திரை கீத்திரை இருக்கான்னு பாக்கேன்.”

“அவன் மாத்திரை திங்கிற ஆளு இல்லண்ணே.”

“அன்னைக்குப் போட்டிருந்த சட்டை?”

“ஆஸ்பத்திரியில குடுத்தாக. தொவச்சுக் காயப் போட்டிருக்கேன்.”

துவைத்தால் காகிதம் கரைந்துபோகும். ஆனால் பையைப் பார்க்காமல் எவனும் சட்டையைத் தண்ணீரில் போடமாட்டான். தனுஷ்கோடி நிதானமான ஆள். நிச்சயம் பார்த்திருப்பான்.

ஜூலை 19, வெள்ளி

உடல் நேற்று விமானம் ஏறியது. மனைவி ஹெப்சிபா போனில், “ஏன் குரல் ஒருமாதிரி இருக்கு?” என்று கேட்டாள். ஏசி என்றேன்.

ஜூலை 22, திங்கள்

நோயாளிகள் 17. வெயில் நாற்பத்தேழைத் தாண்டுகிறது. இந்த மாதத்தில் கூட்டம் வாசலில் நிற்க வேண்டும். வந்த பதினேழு பேரில் தமிழர் ஒருவர், அதுவும் பல்வலி.

இது தற்செயல் இல்லை. யாரோ போகாதே என்று சொல்லியிருக்கிறார்கள். எதற்கு? கிளினிக் சரியில்லை என்று எங்கேயாவது எழுதிப் போட ஏற்பாடா? போன மாதம் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் இந்த ஊர்த் தொழிலாளர்களைப் பற்றிக் கட்டுரை வந்து, டிவியில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து விவாதம் செய்கிறார்கள் என்று ரகோத்தமன் சொல்லியிருந்தார். உள்ளேயிருந்து யாரோ தகவல் கொடுப்பதாகவும் அவருக்குச் சந்தேகம்.

எனக்குக் காதர் பாய் மீது சந்தேகம். கிளினிக் வேனை ஓட்டுகிறவர், கீழக்கரைக்காரர், ஐம்பத்தைந்து வயது. நான் உள்ளே வந்தால் போனை மடக்கிவிடுகிறார். சனிக்கிழமை மாலை வேனின் கிலோமீட்டரைப் பார்த்து வைத்தேன். ஞாயிறு காலை பார்த்தால் நாற்பத்தாறு கூடியிருக்கிறது. கேம்ப்புக்கும் சைட்டுக்கும் நாற்பத்தாறு கிலோமீட்டர் கிடையாது.

ஜூலை 25, வியாழன்

ரகோத்தமன் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ வேலை ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

“வெளியில நம்மளப் பத்தி டிபேட் பண்றாங்க இல்லையா. நாமளே உள்ள ஒரு பட்டிமன்றம் வெச்சுட்டா என்ன? ஆகஸ்ட் ஒன்பது, தொழிலாளர் தின விருந்து மாதிரி. கட்டடத்துக்குச் சொந்தக்கார கம்பெனிலேருந்து மூணு பேர் வராங்க. ஒர்க்கர்ஸ் எவ்வளவு சுதந்திரமா பேசறாங்கன்னு நேர்ல பாக்கட்டும்.”

தலைப்பும் அவரே வைத்திருந்தார்: வளைகுடா வாழ்க்கை நமக்குத் தந்தது அதிகமா, எடுத்தது அதிகமா?

“நடுவர் நீங்கதான். உங்க மேல எல்லாருக்கும் மரியாதை. பேச்சையெல்லாம் முன்னாடியே வாங்கி ஒரு தடவை பார்த்துடுங்க. தீர்ப்பு நான் டைப் பண்ணித் தரேன்.”

இரண்டாயிரம் பேரில் என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்? எட்டாம் தேதியைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும்? டீயை முழுவதும் குடித்துவிட்டுச் சரி என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

நோயாளிகள் 12.

மாலையில் மெஸ்ஸில் ஒத்திகை. ‘தந்தது’ அணிக்குக் கொத்தனார் அய்யாத்துரை. ‘எடுத்தது’ அணிக்குத் தனுஷ்கோடி தானாகப் பெயர் கொடுத்திருக்கிறான். இதுவரை மேடையே ஏறாதவன்.

அய்யாத்துரை எழுதியதை வாசிக்காமல் மனதில் உள்ளதையே பேசினார். “மூணு தங்கச்சியக் கட்டிக் குடுத்தது இந்த மண்ணு. மச்சு வீடு கட்டுனது இந்த மண்ணு. வெயிலு வெயிலுங்கியளே, ஊர்ல செங்கச்சூளையில நான் நின்னது என்ன, நெலா வெளிச்சமா? அங்க மயங்கி விழுந்தா எந்த நர்ஸு வந்து பாத்தான்?”

சிலர் கை தட்டினார்கள். அவர் சொல்வதில் பொய் இல்லை.

தனுஷ்கோடி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்: “சூளையில தலை சுத்துனா நான் பாட்டுக்கு வேப்பமரத்தடியில போய்ப் படுத்துக்கிருவேண்ணே. யார்கிட்டயும் சீட்டு கேட்டு நிக்க மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருந்ததுதான் சந்தேகமாக இருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவனுடைய தாள்களை வாங்கி வந்து படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: “போன மாசம் எங்க ரூம்ல எட்டுப் பேர். இப்ப ஏழு பேர். அந்தக் கட்டில்ல யாரும் துணி கூட வைக்கிறதில்ல. அவன் பேரு முத்திருளன். அவன் நோயாளி இல்ல. அம்பது கிலோ கம்பிக்கட்டத் தோள்ல வச்சு ஆறு மாடி ஏறுனவன்.”

சிவப்புப் பேனாவால் அடித்தேன். ரகோத்தமன் எப்படியும் அடித்திருப்பார். நான் அடித்தால் அவனுக்குப் பிரச்சினை வராது. அவன் நல்லதுக்குத்தான்.

ஜூலை 31, புதன்

நோயாளிகள் 9. டாக்டர் வந்த நாள். வாரத்தில் இரண்டு நாள் வருவார். “கேம்ப் ஆரோக்கியமாக இருக்கிறது, நல்லது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மதியத் தொழுகை முடிந்து காதர் பாய் வேனை எடுக்கும்போது வாசலில் நின்றேன். பின்சீட்டில் இரண்டு பேர். ஒருவன் தலையில் ஈரத் துண்டு போட்டு ஜன்னலில் சாய்ந்திருந்தான். கண் சொருகியிருந்தது.

“எங்க பாய் போறிய? லீவு நாள்ல வேன எடுக்க யாரு சொன்னா? நான் ஆபீஸ்ல சொல்லுதேன்.”

அவர் எஞ்சினை அணைக்கவில்லை.

“சொல்லு தம்பி. மூணு வாரமா இப்படித்தான் கூட்டிட்டுப் போறேன். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. மருத்துவ அட்டை இல்லாட்டியும் கெஞ்சினா பாக்குறாங்க.”

“கிளினிக் இங்க இருக்கு. எதுக்கு அங்க?”

“பயப்படுறாங்கப்பா.”

“யாருக்கு?”

அவர் சற்று நேரம் கண்ணாடியையே துடைத்தார். “உனக்குத்தான். உங்கிட்ட வந்தா மாத்திரையக் குடுத்து, தகுதின்னு எழுதி, திருப்பி வெயிலுக்கு அனுப்பிருவேன்னு சொல்றாங்க. நான் என்னத்தச் சொல்ல. வழிய விடு, இவனுக்கு ஒண்ணுக்குப் போயே ரெண்டு நாளாச்சு.”

வழியை விட்டேன்.

அறைக்கு வந்து முட்டை வேக வைத்தேன். உரித்து வைத்தது அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தனுஷ்கோடியை நானே தேடிப் போனேன். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆள் இல்லை.

“அந்தச் சீட்டு உங்கிட்ட இருக்கா?” என்று நேராகக் கேட்டுவிட்டேன்.

“இருந்துச்சு.”

“யார்கிட்ட குடுத்த?”

“கிழிச்சுப் போட்டுட்டேண்ணே. சட்டையத் தொவைக்கும்போது பாத்தேன். வாசிச்சேன். கிழிச்சுட்டேன்.”

நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“அத வச்சு என்ன பண்ணச் சொல்லுறீக? அதுல உங்க கையெழுத்துதான் இருக்கு. உங்ககிட்ட அப்படிச் சொன்னவுக கையெழுத்து அதுல இல்ல. வெளிய குடுத்தா உங்களப் புடிச்சு உள்ள வச்சுட்டு, எல்லாம் சரியாப் போச்சும்பாக. நீங்களும் பொழைக்க வந்த ஆளுதான.” கைலியைப் பிழிந்து உதறினான். “பயந்துக்கிட்டுப் பெட்டியத் துழாவுனீகளே, அன்னைக்குத்தான் ஆத்திரமா வந்துச்சு.”

ஆக, சீட்டு இல்லை. மஞ்சள் நகல் என்னிடம் இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. பதிவேட்டில் 37.8. இனி யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. நிம்மதியாக இருக்க வேண்டியவன் நான்.

ஆகஸ்ட் 7, புதன்

நோயாளிகள் 6.

இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். எல்லோரையும் பற்றி எழுதியிருக்கிறேன், என்னைத் தவிர. மீதியை எழுதாவிட்டால் இதற்கும் கம்பெனிப் பதிவேட்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஜூலை எட்டு, திங்கள். ஒரு நாளைக்கு நான்கு ஓய்வுச் சீட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. எங்கும் எழுதப்படவில்லை. மே மாதம் ரகோத்தமன், “நாலு ஒரு ரீசனபிள் நம்பர், இல்லையா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அன்று ஒன்பது மணிக்குள் நான்கும் போய்விட்டது. 10.50க்கு முத்திருளன் வந்தான். தனியாக நடந்து வந்தான். தோல் காய்ந்திருந்தது, வியர்வையே இல்லை. வெப்பம் 39.6. ஊர்க் கணக்கில் நூற்று மூன்றுக்கு மேல். வியர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று நர்சிங் பள்ளியில் முதல் வருடமே படித்திருக்கிறேன்.

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும் படுத்துக்கிறேண்ணே” என்றான். குரலில் கெஞ்சல் இல்லை, சும்மா கேட்டான்.

“பன்னெண்டரைக்கு எல்லாருக்கும் மத்தியான நிறுத்தம் வந்திரும். அதுவரைக்கும் பாத்துக்கோ” என்றேன். கரைசல் ஒரு லிட்டர் குடிக்க வைத்தேன். பாதியை வாந்தியெடுத்தான். தரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, பதிவேட்டில் 37.8 என்று எழுதினேன். 38.5க்கு மேல் எழுதினால் வேலைக்கு அனுப்ப முடியாது. வெள்ளைச் சீட்டில் ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதிக் கொடுத்தேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

12.10க்கு விழுந்தான். கோடையில் வெயில் வேலைக்கு இந்த நாட்டுச் சட்டம் சொல்கிற மதிய நிறுத்தத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. ஆகையால் சட்டப்படி எந்த மீறலும் இல்லை.

அவனுக்கு முன் வந்த நான்கு பேரில் ஒருவனுக்குக் கால் சுளுக்கு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கூடாரம் போட்டு, பெரிய ஏசி வைத்திருந்தார்கள். ஆட்டுக்கறி பிரியாணி. முன்வரிசையில் விருந்தாளிகள் மூன்று பேர். அவர்களுக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண், இலங்கைத் தமிழ். அடுத்த நாற்காலி நடுவரான எனக்கு.

அய்யாத்துரை நன்றாகப் பேசினார். தங்கச்சிகள் கதைக்கு ரகோத்தமன் எழுந்து நின்று கை தட்டினார்.

தனுஷ்கோடி தாளைப் பார்த்து வாசித்தான். முதல் இரண்டு பக்கம் குடும்பப் பிரிவு, பிள்ளைகள் வளர்வதைப் போனில் பார்ப்பது, எல்லோரும் சொல்வது. மூன்றாம் பக்கம் வந்ததும் நிறுத்தினான். சிவப்பில் அடித்த இடம். அவன் அதை வாசிக்கவும் இல்லை, தாண்டிப் போகவும் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். கூடாரத்தில் ஏசி இரைச்சல் மட்டும் கேட்டது. பின்வரிசையில் அவன் அறைக்காரர்கள் ஏழு பேர் அல்ல, ஆறு பேர், எழுந்து நின்றார்கள். அந்தப் பெண் என்னிடம் குனிந்து, “மறந்திட்டாரோ?” என்று கேட்டாள். ஒரு நிமிடம் கழித்து அவன் கடைசி வரியை வாசித்து, வணக்கம் சொல்லி உட்கார்ந்தான்.

ரகோத்தமன் கொடுத்த தீர்ப்பு என் கையில் இருந்தது. “எடுத்தது உண்மைதான். ஆனால் அதை நாம் விரும்பிக் கொடுத்தோம். ஆகவே தந்ததே அதிகம்.” அவ்வளவையும் வாசித்தேன். கை தட்டினார்கள். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

பிறகு நான் பேசியதை ஞாபகம் உள்ளவரை எழுதுகிறேன்.

“இந்தத் தீர்ப்ப எழுதுனது நான் இல்ல. தனுஷ்கோடி நின்ன எடத்துல ஒரு பேரு இருந்துச்சு, முத்திருளன்னு. அத அடிச்சது நான். அந்த ஆளு அன்னைக்கு எங்கிட்ட வந்தாரு. காய்ச்சல் முப்பத்தொம்பது புள்ளி ஆறு. நான் முப்பத்தேழு புள்ளி எட்டுன்னு எழுதி, வேலைக்குத் தகுதின்னு அனுப்புனேன். ஒரு நாளைக்கு நாலு பேருக்குத்தான் ஓய்வுன்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க. அவரு அஞ்சாவது ஆளு. அவருக்கு நெஞ்சுல சீக்கு எதுவும் கெடையாது. வெயில்ல செத்தாரு. நடுவரா இருக்கதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல.”

யாரும் கை தட்டவில்லை. விருந்தாளிகளில் ஒருவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் ரகோத்தமனைப் பார்த்தாள். அப்புறம் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு எண்ணாக, மொழிபெயர்த்தாள். அந்த விருந்தாளி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

ரகோத்தமன் மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, “அடுத்து குலுக்கல் பரிசு” என்றார்.

ஆகஸ்ட் 10, சனி

ஆறு மணிக்குக் கிளினிக்கைத் திறக்கப் போனேன். பூட்டு மாற்றியிருந்தது.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். ரகோத்தமன் இப்போதும் குரல் உயர்த்தவில்லை. “பதிவேட்டுல தப்பு எண் எழுதினது நீங்க. நாலுன்னு நான் சொன்னதா எந்த ரெக்கார்டும் இல்லை. நீங்களா ராஜினாமா பண்ணிட்டா ரெண்டு பேருக்கும் மரியாதை.”

மஞ்சள் நகல் பற்றி இப்போதுதான் கேட்டார். அதை நேற்றே பிரியாணி வரிசையில் வைத்து அந்த இலங்கைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. தொலைந்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை.

ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

தனுஷ்கோடி வந்தான். கட்டிப்பிடிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கோபமாக இருப்பான் என்றும் எதிர்பார்க்கவில்லை.

“எதுக்குண்ணே இப்பச் சொன்னீக? புதுசா ஒருத்தன் வருவான். அவனுக்கும் நாலும்பாக. உங்களுக்குன்னா இனிமே எங்களப் பாத்தா கை நடுங்கும். அவனுக்கு எதுக்கு நடுங்கப் போவுது?”

“சொல்லாம இருந்திருக்கணுமா?”

“அன்னைக்கு எழுதாம இருந்திருக்கணும்.”

போகும்போது ஒரு துண்டுத்தாளில் முத்திருளன் வீட்டு முகவரியைக் கொடுத்தான். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

விமான நிலைய வாசலில் வைத்துத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். படத்தில் எனக்கு மீசை கறுப்பாக இருக்கிறது. ஒன்பது வருடம் அது பெட்டகத்தில் இருந்ததை நான் ஒரு நாளும் பெரிதாக நினைத்ததில்லை.

காதர் பாய்தான் கொண்டு வந்து விட்டார். வழியெல்லாம் என் மனைவி, மகள் படிப்பு என்று விசாரித்தார். நான் இவரைப் பற்றி ஆபீஸில் சொல்லியிருந்தால் இன்று யார் ஓட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. சாயர்புரம்

ஹெப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அவங்க வீட்டுக்குப் போகப் போறீங்களா?” என்றாள்.

போவதென்றால் எதற்குப் போகிறேன்? அவர்களுக்காகவா, என் நெஞ்சு பாரத்தை அங்கே இறக்கி வைக்கவா? மற்ற எல்லோரையும் சந்தேகப்பட்டது போல இதையும் சந்தேகப்படுகிறேன். விடை தெரியவில்லை.

காதர் பாய் போன் செய்தார். புது நர்ஸ் வந்துவிட்டானாம். விருந்தாளிகள் ஏதோ கடிதம் எழுதியிருக்கிறார்களாம். இப்போது ஒரு நாளைக்கு எட்டுச் சீட்டாம்.

ஆகஸ்ட் 21, புதன்

மதுரை வழியாகப் போகாமல் சாயல்குடி வழியாகப் போனேன். பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். கருவேலங்காட்டுக்கு நடுவில் ஊர். விசாரித்ததும் காட்டினார்கள். ஒரு பெரியவர், “நெஞ்சு வெடிச்சுச் செத்தானே, அவன் வீடா?” என்று கேட்டு வழி சொன்னார்.

முத்திருளனின் மனைவி காளீஸ்வரி வாசலில் நின்றபடியே பேசினாள். முப்பது வயது இருக்காது. உள்ளே வரச் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள். நான் யார் என்று சொன்னேன். அன்று அவன் வந்தது, காய்ச்சல் இருந்தது, நான் எழுதியது எல்லாவற்றையும் எதையும் விடாமல் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்துப் போயிருந்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

“அங்க வந்தப்ப என்ன சொன்னாக?”

“ஒரு நாள் மட்டும் படுத்துக்கிறேன்னு கேட்டாரு.”

“வேற? மனசு சரியில்ல, வீட்டுல சண்டைன்னு ஏதும்?”

“இல்லம்மா. ஒண்ணும் சொல்லல.”

“நெஞ்சு வலிக்குதுன்னு?”

“நெஞ்சுல ஒண்ணும் இல்ல. காய்ச்சல்தான். வெயில்ல வந்த காய்ச்சல்.”

அவள் குரல் அதன்பிறகுதான் உடைந்தது. “அன்னைக்குக் காலையில போன்ல சண்டை போட்டேன். புள்ளைக்குக் காது குத்துக்கு வாரேன்னு சொல்லி மூணு தடவ ஏமாத்திட்டாக. வரமுடியாதுன்னா இனிமே வரவே வேணாம்னு சொல்லி வச்சுட்டேன். அன்னைக்கு மத்தியானம் போன் வந்துச்சு, நெஞ்சடைச்சுப் போயிட்டாகன்னு.” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “நான் சொன்ன சொல்லுல நெஞ்சு வெடிச்சுப் போனாகன்னுதான் ஊரே சொல்லுது. எங்க அத்தை எங்கூடப் பேசி நாப்பது நாளாச்சு. அப்ப அது என்னால இல்லியா?”

“உன்னால இல்லம்மா. என்னால.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு எதுவும் கிடையாது. ஆனால் என்னைப் போகவும் விடவில்லை. “இங்கனயே நில்லுங்க” என்று சொல்லி உள்ளே ஓடினாள்.

மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அந்த அம்மா மருமகளின் கையை உதறிவிட்டு வாசல்படியில் தள்ளி நின்றார். “இப்ப எங்கிட்டச் சொன்னதச் சொல்லுங்க” என்றாள் காளீஸ்வரி. சொன்னேன். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். “இவுகளுக்கும் சொல்லுங்க” என்றாள். சொன்னேன். சைக்கிளில் போன மைத்துனரைக் கூப்பிட்டு நிறுத்தினாள். திரும்பவும் முதலிலிருந்து. 39.6 என்ற எண்ணை நான்கு தடவை சொன்னேன். வழி காட்டிய பெரியவரும் வந்து நின்று கேட்டார்.

மைத்துனர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். மாமியார்தான், “விடு” என்றார்.

பிறகு அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல், “இந்த ஆள இங்கருந்து போகச் சொல்லு” என்றார். மருமகள் பக்கம் திரும்பினார்.

“காளி, உள்ள வந்து சோறு தின்னு.”

நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.